தோற்றவர் தந்த கொடை



1787-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசமைப்பு வரையப்பெற்றபோது, வலிமைமிக்க நடுவணரசை ஏற்க மறுத்தோர் பலர். 'புரூட்டஸ்' என்னும் புனைபெயரில் நியூயார்க் இதழொன்றில் எழுதியவர் எழுப்பிய வினா கூரியது. பரந்த குடியரசில், தொலைவிலிருந்து ஆளும் சிலர் பல்வேறு மக்களின் நிலையை எங்ஙனம் அறிவர்? மக்கள் நம்பாத சட்டத்தைப் படைகொண்டன்றோ நிறைவேற்ற நேரும்? உரிமைப் பட்டியல் இன்மையைச் சுட்டி, ஜார்ஜ் மேசன் கையொப்பமிட மறுத்தார்.

அவர்கள் தோற்றனர், 1788-இல் அரசமைப்பு ஏற்கப்பெற்றது. ஆயினும் 1791-இல் சேர்ந்த பத்துத் திருத்தங்கள் அவர்தம் அச்சம் ஈன்ற கொடையே.

மாநில உரிமை என்னும் கேடயத்தின்பின் அடிமைமுறையும் பின்னர் ஒளிந்துகொண்டதை மறத்தலாகாது. ஆதலின், அதிகாரம் எங்குக் குவியினும் ஐயுற்று வினவுதலே குடிமக்கள் கடன்.