வழிகாட்டப் போன இடத்தில் நாம் கற்றவை



எமது உரையை நூற்றாண்டு மலரில் சேர்ப்பதாகச் சொன்ன மலர்க் குழுவினர், கூடவே ஒரு படமும் கேட்டார்கள். எம்மிடம் படம் இல்லை. நாம் நால்வரும் வழிகாட்டிகளாகத் தொண்டு செய்யப் போன அந்த முகாமில் யாரும் படம் எடுப்பதில்லை. அங்கு வந்த ஒருவரின் முகம் யாருடையதோ கைத்தொலைபேசியில் ஏறி, அவருடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் படிப்பு அன்றோடு நின்றுவிடக்கூடும். அதனால் இன்று வாய்ச்சொல்லை மட்டுமே கொண்டுவந்திருக்கிறோம்.

அது மூன்று நாள் மாணவர் தலைமைத்துவ முகாம். வந்தவர்கள் எல்லோரும் 18 வயதைக் கடந்தவர்கள்; பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கற்பவர்கள். பெண்ணை விரும்பும் பெண்கள், ஆணை விரும்பும் ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள். இவர்களைப் பொதுவாகப் பால்புதுமையினர் என்று இப்போது தமிழில் சொல்கிறார்கள். தமிழ் பேசும் வழிகாட்டிகள் போதாமல் எம்மை அழைத்தார்கள். எம்மில் ஒருவர் தாதி, இருவர் ஆசிரியைகள், ஒருவர் வங்கி உத்தியோகத்தர். எம் ஒவ்வொருவரிடமும் ஐந்து பேரை ஒப்படைத்தார்கள்.

கூட்டம் நடத்துவது, பீடாதிபதிக்குக் கடிதம் எழுதுவது, சிறு தொகையைக் கொண்டு ஒரு நிகழ்ச்சியை ஒப்பேற்றுவது, சபையில் பயமின்றிப் பேசுவது எல்லாம் அங்கு கற்பித்தோம். இந்தப் பாடசாலையில் மாணவத் தலைவிகளாக இருந்த காலத்திலேயே எமக்குக் கைவந்தவை அவை. எமக்குத் தெரியாதது வேறொன்று. அதை முதல் இரவே கண்டுகொண்டோம்.

எமது குழுவில் தோட்டப்பகுதியிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். தன்னைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது என்றாள். எம்மில் ஒருவர் உடனே, “அம்மாவிடம் சொல்லிவிடு மகள். பெற்றவள் அல்லவா, விளங்கிக்கொள்வா” என்று சொல்லிவிட்டார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “மிஸ், லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அம்மா அழுதால் எல்லோருக்கும் கேட்கும். அப்பா வெளியே போ என்றால் நான் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே போவேன்?”

எம்மிடம் பதில் இல்லை. இரத்தோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களை அறிந்த எமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். காலையில் ஒரு லயத்தில் நடந்தது, மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சாகிவிடும். சொல்வதா, எப்போது சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதை அதன் பலனை அனுபவிக்கப் போகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். வழிகாட்டி தன் அவசரத்தை அவர் தலையில் ஏற்றக் கூடாது. அந்தப் பிள்ளை எம்மிடம் கேட்டது துணிச்சல் அல்ல. படிப்பு முடிந்து சொந்தச் சம்பளம் கைக்கு வரும்வரை, தன்னை அறிந்த ஒருவராவது தொலைபேசியின் மறுமுனையில் இருக்க வேண்டும் என்பதையே அவள் கேட்டாள்.

அந்தப் பயத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1883 ஆம் ஆண்டு பிரித்தானியர் ஆக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இன்னமும் இருக்கின்றன. 365அ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். முதலில் அது ஆண்களைப் பற்றி மட்டுமே பேசியது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் ‘ஆண்’ என்றிருந்ததை ‘ஆள்’ ஆக்கியது. பெண்களும் அதற்குள் அகப்பட்டார்கள். இதை எதிர்த்து, 2004 இல் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பை நிறுவிய ரொசானா பிளேமர் கல்தேரா ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான குழுவிடம் முறையிட்டார். இச்சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று அக்குழு 2022 இல் முடிவு சொன்னது. அடுத்த ஆண்டு, இதை மாற்ற பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கை உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. ஆனாலும் சட்டம் மாறவில்லை.

இன்னொரு குறை, சொல். “எனக்குத் தமிழில் தெரிந்த சொற்கள் எல்லாம் என்னை ஏசிய சொற்கள்தான்” என்றார் ஒரு மாணவர். இங்கே தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், சேர்ந்து வாழ விரும்பி, பெற்றோரால் தொல்லை வராதபடி பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விடயம் தமக்கு முழுதாக விளங்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, கட்டளை இடுமுன் உளவியலாளர் ஒருவரிடம் சென்று கேட்டு அறிந்தார். அந்த ஆண்டு ஜூன் 7 அன்று அவர் இட்ட கட்டளை, இவர்களைக் ‘குணப்படுத்த’ வைத்தியம் செய்யும் முயற்சிகளுக்குத் தடை விதித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, இவர்களை மரியாதையாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 இல் வெளியிட்டது. ஒரு நீதிபதி ‘எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லலாம் என்றால், எமக்கு என்ன குறைந்துவிடும்?

இனிச் சொல்லப்போவது சொல்வதற்குக் கடினமானது. முகாமின் கடைசி இரவில் நாம் நால்வரும் தூங்கவில்லை. உயர்தர வகுப்பில் எம்மோடு இருந்த ஒருத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவள் இன்னொரு மாணவிக்கு எழுதிய கடிதம் ஒன்று எம் கைக்குக் கிடைத்தது. ஆசிரியை இல்லாத பாடவேளையில் அதை உரத்து வாசித்தோம். சிரித்தோம். யாரோ அதை அவள் வீடுவரை கொண்டுபோனார்கள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. கணக்கில் எம் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. எங்கே போனாள் என்று நாம் தேடவும் இல்லை. பாடசாலை செய்த குற்றம் அல்ல அது, நாம் செய்தது. இத்தனை வருடமும் ஒன்றுகூடல்களில் அவள் பெயரை நாம் எடுக்காததற்குக் காரணம் மறதி அல்ல.

சங்கம் இந்த நூற்றாண்டு ஆண்டில் மாணவிகளுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறது. அதில் சேரப் போகும் அக்காமாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று.

ஒரு பிள்ளை நம்பிச் சொன்னது உங்களோடு நிற்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும், அவளிடம் சொல்லிவிட்டே உதவி தேடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஐ அவளோடு பக்கத்தில் இருந்து அழையுங்கள்.

இது நோய் என்று சொல்லி வைத்தியரிடமோ, பூசாரியிடமோ அனுப்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

புலமைப்பரிசில் பெறும் மாணவியைப் பற்றி ஊரில் ஏதேனும் கதை வந்தால், கதைக்காகப் பணத்தை நிறுத்தாதீர்கள். அந்தப் பணம்தான் அவள் விடுதியில் தங்கிப் படிப்பதற்கும், தன் காலில் நிற்பதற்கும் வழி.

முகாம் முடிந்து மாத்தளைக்கு வந்து, இரத்தோட்டை பஸ்ஸில் ஏறியபோது எமக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. லயத்துப் பிள்ளை அனுப்பியது. “வீட்டுக்கு வந்துவிட்டேன் மிஸ். ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு உங்களோடு கதைக்கலாமா?” கதைத்தோம். இன்றும் கதைக்கிறோம். இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

எம் வகுப்புத் தோழிக்கு இந்த மலர் எந்த வழியிலாவது போய்ச் சேரலாம். அவள் இதை வாசித்தால், அன்று சிரித்தவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று அறியட்டும். சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் அவளுக்கும் உரிய இடம் உண்டு. அவள் வந்தாலும் வராவிட்டாலும், இப்போது வகுப்பறையில் இருக்கும் தங்கைமாரில் ஒருத்திக்கும் அப்படி நேராமல் பார்த்துக்கொள்வது எம் கடமை.