புள்ளி குறைந்தவர் ஜெயித்த ஆட்டம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு சதுரங்கம் பற்றிப் பேசப் போறேன். செஸ் நமக்கு எதுக்கு என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. தாயம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். இதில் தாயக்கட்டை உருட்டுவது கிடையாது, முழுக்க யோசனைதான்.

2025 ஜூலையில் ஜார்ஜியா நாட்டின் பதூமி நகரத்தில் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. இறுதிக்கு வந்த இரண்டு பேருமே நம் நாட்டுப் பெண்கள். ஆந்திராவின் கொனேரு ஹம்பி, அப்போது வயது 38, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். நாக்பூர் திவ்யா தேஷ்முக், அப்போது வயது 19. ஹம்பி 2002-லேயே கிராண்ட்மாஸ்டர். அப்போ திவ்யா பிறக்கவே இல்லை.

செஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் ரேட்டிங் என்று புள்ளி உண்டு. அந்தப் போட்டியின்போது ஹம்பிக்கு 2543, திவ்யாவுக்கு 2463. கூட்டம், சேமிப்பு, கடன் திருப்பம், பதிவேடு எல்லாம் பார்த்து நம்ம குழுவுக்குத் தரம் போடுறாங்க இல்லையா, அது மாதிரிதான். இதுவரை ஆடியதன் கணக்கு அது. 80 புள்ளி வித்தியாசம் என்றால், 100 ஆட்டத்தில் மேலே உள்ளவருக்கு சுமார் 61 புள்ளி வரும் என்பார்கள். மீதி 39 கீழே உள்ளவருக்கு. இந்த 39-ஐத்தான் நாம பார்ப்பதில்லை. பி கிரேடு என்றதும் வங்கிப் படி ஏறவே கூச்சப்படுகிற குழுக்கள் நம்மிடம் இருக்கின்றன. தரம் போட்ட பிறகு ஆறு மாதமாக ஒரு தவணைகூட தவறாதவர்கள் அவர்கள்!

முதல் இரண்டு நாளும் ஆட்டம் சமன். ஜூலை 28 அன்று வேக ஆட்டம். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். அதிலும் முதல் ஆட்டம் சமன். இரண்டாவதில் திவ்யாவுக்குக் கறுப்புக் காய். வெள்ளைக்காரர்தான் முதலில் நகர்த்துவார், அது கொஞ்சம் சாதகம். ஆனால் நேரம் கரையக் கரைய ஹம்பி தடுமாறினார். அத்தனை அனுபவம் இருந்தும் கடிகாரம் விடவில்லை.

ஜெயித்த திவ்யா அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிக்கொண்டார். கிராண்ட்மாஸ்டர் ஆக வழக்கமாக 2500 புள்ளியும், 'நார்ம்' என்ற தகுதி மூன்று முறையும் வேண்டும். அவரிடம் ஒரு நார்ம்கூட இல்லை. கோப்பையை வென்றாலே பட்டம் என்பது விதி. அப்படி இந்தியாவின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். நம் பெண்களில் நான்காவது. மூன்றாவது, நம்ம சென்னை வைஷாலி.

ஹம்பியைத் தோற்றவர் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. 2017-ல் குழந்தை பிறந்து, ஆட்டத்தை நிறுத்தி, திரும்பி வந்து 2019-லும் 2024-லும் உலக வேக சதுரங்கப் பட்டம் வாங்கியவர். அதை அடுத்த கூட்டத்தில் பேசலாம். பி கிரேடு குழுக்காரங்க மட்டும் கொஞ்சம் இருங்க, பதிவேடு பார்த்துடுவோம்.