ஒரு வருஷப் படிப்பு, யார் கணக்கில்?

அமெரிக்காவில் 'பிராக்டிகல் நர்ஸ்' என்று ஒரு வேலை. புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, முதியோர் இல்லத்தில் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவது... இப்படி. படிப்பு சுமார் ஒரு வருஷம்.

2023 கணக்குப்படி, இவர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுச் சம்பளம் 59,730 டாலருக்கு மேலே, மீதிப் பேருக்குக் கீழே.

செலவு? கல்லூரிக்காரர் கட்டணத்தை மட்டும்தான் சொல்வார். சீருடை, செருப்பு, பயிற்சிக்குப் போய்வர பெட்ரோல், உரிமத் தேர்வுக்கு 200 டாலர், எல்லாவற்றையும்விட வேலையை விட்டதால் போன ஒரு வருஷச் சம்பளம், இதெல்லாம் யார் கணக்கில்?

சமுதாயக் கல்லூரியில் கட்டணம் குறைவு. தனியாரிடம் சில இடங்களில் பல மடங்கு. சான்றிதழ் என்னவோ ஒன்றுதான்.

சேரும் முன் ஒன்று கேளுங்கள்: "போன வருஷம் முதல் முறையிலேயே உரிமத் தேர்வில் தேறினவர்கள் எத்தனை பேர்?"

உடனே பதில் சொல்லாமல், "காபி சாப்பிடுறீங்களா?" என்றால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.