புதிய மீன்தொட்டியில் நீர் மாற்றுதல்

(விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கமக்காரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லையும் மிளகாயையும் பற்றிப் பேச வேண்டிய போதனாசிரியன் மீன்தொட்டியைப் பற்றிப் பேச முற்பட்டது ஏன் எனத் தாங்கள் வியக்கக்கூடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வீட்டு வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி, கப்பி, மொலி, பொன்மீன் முதலிய அலங்கார மீன்களை வளர்த்துச் சிறு வருவாய் தேட விரும்புவோர் உளர். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும்?” என்பதே. புதிய தொட்டிக்கு நாட்கணக்குச் சொல்வது தவறு. நீரைச் சோதித்து, அதிலுள்ள நஞ்சின் அளவைப் பார்த்தே மாற்ற வேண்டும். அதன் காரணத்தை, யூரியா இட்டுப் பழகிய தங்களுக்கு விளக்குவது எளிது.

வழக்கமாக நிகழ்வது இது. சிறுபோக நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு மீன்குஞ்சு வாங்கித் தொட்டியில் விடுகின்றோம். நாலைந்து நாளில் நீர் மங்குகின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. உடனே தொட்டியை முற்றாக இறைத்து, சுவரை உரோஞ்சி, வடிகட்டியையும் கிணற்றடியில் நன்றாகக் கழுவி, புதுநீர் நிரப்புகின்றோம். இரண்டு நாள் நலமாயிருக்கும். பின்னர் அதே நிலை. மூன்றாம் முறை மாற்றியதும் மீன்கள் மிதக்கின்றன. “எங்கள் தண்ணீர் மீனுக்கு ஒத்துக்கொள்ளாது” என்று தொட்டியைக் கைவிடுகின்றோம். தண்ணீர் மீது பழி போடுவது நியாயமன்று.

மீன் தனது செவுளாலும் கழிவாலும் அமோனியாவை வெளிவிடுகின்றது. எஞ்சிய தீனும் அழுகி அமோனியாவாகின்றது. இதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், வேறொருவகைப் பற்றீரியா அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியானது அவ்வளவு தீங்கற்றது. மண்ணில் இத்தொழில் புரியும் பற்றீரியாக்களை உருசிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தறிந்தார். நமது வயலிலும் இவ்வேலையே நடைபெறுகின்றது. யூரியா இட்ட வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டினால் பசளை வீணாகும் என்று சொல்கின்றோமல்லவா? காய்ந்த மண்ணில் அமோனியா நைத்திரேற்றாகி, நீர் கட்டியதும் அந்த நைத்திரசன் வாயுவாகப் பறந்து போவதே அதன் காரணம். வயலில் நட்டந் தரும் அம்மாற்றம் தொட்டியில் மீனைக் காப்பாற்றுகின்றது.

ஆனால் புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை. அவை பெருகித் தொட்டி பக்குவப்பட நாலு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அவை வாழுமிடம் நீரன்று. வடிகட்டியின் பஞ்சிலும், சரளைக் கல்லிலும், சுவரிலும் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே நீரின் ஒரு பகுதியை மாற்றினால் பக்குவம் கெட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம். சுவரை உரோஞ்சி வடிகட்டியைக் கழுவுவதே கேடு. வடிகட்டி அடைபட்டால், தொட்டியிலிருந்து இறைத்த நீரை வாளியில் எடுத்து அதில் மெதுவாக அலசுக.

மீன் விடுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் பீ.எச். பெறுமானத்தை மிக உயர்த்தும். தொட்டியை நிரப்பிச் சில நாள் விட்டு இறைத்து, மீண்டும் நிரப்புதலை இரண்டு மூன்று வாரம் செய்க. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடும் வழக்கமும் உண்டு. இந்த வேளையில் எத்தனை முறை முற்றாக இறைத்தாலும் குற்றமில்லை.

இதன்பின் மீனில்லாமலே தொட்டியைப் பக்குவப்படுத்துவது மேலான முறை என்பது எனது கருத்து. 1000 லீற்றர் நீருக்கு 4 கிராம் யூரியா போதும். அது சில நாளில் அமோனியாவாகும். கைப்பிடியாக அள்ளிப் போடுவோர் பற்றீரியாவையும் தடுத்துவிடுவர். மீனுள்ள தொட்டியில் யூரியா ஒருபோதும் கூடாது. ஏற்கனவே நன்கு ஓடும் தொட்டியிலிருந்து ஒரு கை சரளையோ வடிகட்டிப் பஞ்சோ கிடைத்தால் காலம் குறையும். இம்முறையில் நீர் மாற்ற வேண்டியதில்லை. பீ.எச். 6.5 இலும் கீழிறங்கினால் மட்டும் கால்வாசி மாற்றுக. பற்றீரியாவின் வேலை நீரிலுள்ள காரத்தைத் தின்றுவிடுவதனால் இவ்விறக்கம் உண்டாகும். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லாது போனபின் பாதிக்கு மேல் நீரை மாற்றி மீனை விடலாம்.

மீன் ஏற்கனவே தொட்டியில் உள்ளதா? அப்படியாயின் வேலை கூடும். அலங்கார மீன் கடைகளில் விற்கும் துளிச்சோதனைப் பெட்டி ஒன்றை வாங்குக. முதல் நாலு வாரமும் நாள்தோறும் சோதிக்க. லீற்றருக்கு அமோனியா 0.25 மில்லிகிராமை அல்லது நைத்திரைற்று 0.5 மில்லிகிராமை எட்டினால் அன்றே கால்வாசி முதல் அரைவாசி வரை மாற்றுக. எட்டாத நாளில் மாற்ற வேண்டாம்.

அமோனியாவுக்கு இவ்வளவு குறைந்த எல்லை ஏன் என்பீர்கள். வன்னியிற் பல கிணறுகளின் நீர் கடினநீர், காரத்தன்மையும் கொண்டது. வெப்பமும் அதிகம். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் பீ.எச். 7 உம் உள்ள நீரில், அமோனியாவின் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். அதே நீர் பீ.எச். 8 ஆனால் நூற்றில் ஏழு பங்குக்கு மேலாகும். இதனாலேயே வேறு நாட்டு நூல்களிற் கண்ட எல்லையை நமது கிணற்று நீருக்கு அப்படியே கொள்ளலாகாது. நெடுநாள் மாற்றாது புளித்த தொட்டியில் காரமான கிணற்று நீரை ஒரேயடியாக ஊற்றினாலும், தீங்கின்றிக் கிடந்த அமோனியா ஒரு மணித்தியாலத்தில் நஞ்சாகும். அத்தகைய தொட்டிக்குப் பத்தில் ஒரு பங்காக, நாள்விட்டு நாள் மாற்றுக.

நீர் மாற்றுவதை விடத் தீனைக் குறைப்பதே பலன் தரும். நூற்றுக்கு 32 பங்கு புரதமுள்ள தீன் 10 கிராம், 1000 லீற்றர் தொட்டியில் லீற்றருக்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம் அமோனியாவைச் சேர்க்கும். ஒரே நாளில் எல்லையைத் தாண்டிவிட்டோம்! நாள்தோறும் அரைவாசி நீரை மாற்றினாலும் மாற்றியபின் 0.3 எஞ்சியே நிற்கும். தீனை 5 கிராமாக்கினால் அது 0.15 ஆகும். முதல் மாதம் மீன் சற்றுப் பசியோடிருப்பதால் சாகாது. பிள்ளைகள் ஆசையாகச் சோற்றுப் பருக்கை போடுவதையும் தடுக்க வேண்டும்.

நைத்திரைற்று ஏறும்போது மீனின் குருதி கபில நிறமாகி ஒட்சிசனைச் சுமக்கமாட்டாது. 100 லீற்றருக்கு 10 கிராம் கறியுப்பு இதற்குக் காப்பாகும். நம்முடைய ஆனையிறவு உப்பே போதும்.

மாற்றும் நீரைப் பற்றியும் கவனம் வேண்டும். குழாய்நீரிலும், வெள்ளத்தின் பின் குளோரின் இட்ட கிணற்று நீரிலும் மீனும் பற்றீரியாவும் ஒருங்கே மடியும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் தாக்கியது போன்ற வெள்ளம் வந்தபின் இதனை மறவாதீர்கள். அத்தகைய நீரைத் திறந்த பீப்பாவில் இரண்டு நாள் வெயிலில் வைத்தெடுக்க. குழாய்க் கிணற்று நீரில் ஒட்சிசன் குறைவாதலின், அதனையும் ஒரு நாள் காற்றுப் படவிடுக. பயிருக்கு மருந்து தெளித்த வாளியையும் கையையும் தொட்டியருகே கொண்டு செல்லலாகாது. சில பூச்சிநாசினிகள் மிகச் சிறிதளவிலேயே மீனைக் கொல்வன.

சோதனைப் பெட்டி வாங்க இயலாதோர், முதல் மாதம் நாள்விட்டு நாள் கால்வாசி நீரை மாற்றி, தீனைப் பாதியாக்குக. இது குருட்டு வழிதான். எனினும் முற்றாக இறைப்பதிலும் நன்று. அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து ஒரு வாரம் காணப்படாவிடின் தொட்டி பக்குவமாயிற்று. அதன்பின் வாரத்துக்கு ஒரு முறை கால்வாசி போதும். மின்சாரம் நெடுநேரம் நின்று வடிகட்டி ஓடாது போன நாளின் மறுநாள் மட்டும் மீண்டும் சோதிக்க.

இறைத்த நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்கு விடலாம். மேலே சொன்ன அளவு உப்பு அவற்றைத் தாக்காது. நோய்க்கென்று உப்பை மிகுதியாக இட்ட நீரைப் பயற்றங்கொடிக்கு விடவேண்டாம். லீற்றருக்கு 40 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள நீர் 100 லீற்றர், ஏறத்தாழ 2 கிராம் யூரியாவுக்கு ஒப்பானதே. ஆகையால் பாத்திக்கு இடும் பசளையை அதற்காகக் குறைத்துவிடாதீர்கள்.