பூக்கும் முன்னே பிடுங்குவோம்

பெங்களூருவில் மழை பெய்து ஓய்கிறது. சில நாளில் கொல்லையில் ஒரு செடி முளைக்கிறது. இலை கேரட் இலையைப் போல இருக்கிறது. மாடு அதை நாடுவதில்லை. பிறகு சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூக்கிறது. அது என்ன செடி?

அதுதான் பார்த்தீனியம். விஷச்செடி என்றும் சொல்வார்கள். கன்னடக்காரர்கள் 'காங்கிரஸ் கிட' என்பார்கள்.

இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 1950-களில் புனே நகரில் இதைக் கவனித்தார்கள். பிறகு நாடெங்கும் பரவியது. 1975-இல் கர்நாடக அரசு இதைப் பயிருக்குக் கேடு என்று சட்டப்படி அறிவித்தது.

இந்தச் செடி தொட்டவருக்கெல்லாம் உடனே தீங்கு செய்வதில்லை. பழகப் பழகத்தான் சிலருக்கு ஒவ்வாமல் போகிறது. தோல் அரிக்கிறது, தடிக்கிறது. மகரந்தத் தூளால் தும்மலும் மூச்சிரைப்பும் வருகின்றன. மாடு தின்றால் பால் கசக்கும்.

1984-இல் பெங்களூருவில் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்றை வளர்த்து வெளியில் விட்டார்கள். வெண்மையான முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் உள்ள சிறு வண்டு அது. பார்த்தீனிய இலையை விரும்பித் தின்னும். மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்யும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய் உறங்கும். அந்த வண்டைக் கண்டால் கொல்லாதீர்கள்.

ஆனாலும் செடி ஒழியவில்லை. ஏன்? ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். விதை மண்ணில் காத்துக் கிடக்கும். மழை வந்ததும் முளைக்கும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடும்.

ஆகவே, பூப்பதற்கு முன்பே பிடுங்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். வெறும் கையால் தொடாதீர்கள். கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்த செடியைப் போடாதீர்கள். எருவோடு விதையும் தோட்டத்துக்குப் போய்விடும்.

பயிர் இல்லாத இடத்தில் உப்புத் தண்ணீர் தெளிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு போதும். நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்கறிப் பாத்தியில் மட்டும் தெளிக்காதீர்கள். உப்பு மண்ணைக் கெடுக்கும்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாதீர்கள். துத்தியோ செண்டுமல்லியோ வளர்த்துவிடுங்கள்.

ஒரு வீட்டில் மட்டும் பிடுங்கினால் போதாது. பக்கத்து வீட்டு விதை காற்றில் வரும், தண்ணீரில் வரும். தெருவே சேர்ந்து பிடுங்கினால்தான் பலன் கிடைக்கும். அடுத்த மழைக்கு முன்பே அக்கம்பக்கத்தில் பேசி, ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.