வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாத பாடம்



நம் பெண்பிள்ளைகளுக்கு மதரஸாவில் ஹைளு, குளிப்புச் சட்டங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்லித் தருகிறோம். தர்கா வாசலிலும் ரயிலடியிலும் படுத்துறங்கும் பிள்ளைக்கு யார் சொல்வது? சோறு கொடுக்கிறோம், பெருநாளைக்குத் துணி கொடுக்கிறோம். நல்லதுதான். பருவமடையும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

முதல் மாதவிடாய்க்கு முன்பேகூடக் கரு உண்டாகலாம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கே தெரியாத சங்கதி இது. வேலை தருகிறேன், நிக்காஹ் செய்துகொள்கிறேன் என்று ஒருவன் ஆசை காட்டினால் மறுக்கலாம் என்பதையும் அவளுக்குச் சொல்லித்தான் தர வேண்டும். 18 வயதுக்குள் அவள் சம்மதித்தாலும், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அது குற்றம். இதை நம் பையன்களுக்கும் சொல்லுங்கள். பழி எப்போதும் அவள் தலையில்தானே விழுகிறது!

ஏதும் நடந்துவிட்டால் மூடி மறைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீஸில் புகார் எழுதினால்தான் வைத்தியம் என்பதில்லை. கரு தங்காமலிருக்க அவசர மாத்திரை உண்டு. 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், சீக்கிரம் தந்தால் பலன் கூடும். 1098-க்கு நடுநிசியிலும் அழைக்கலாம், கட்டணமில்லை.

பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்கிறார்கள் சிலர். மார்க்கத்தைக் கேட்டறிய அன்சாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்களே!

இன்ஷா அல்லாஹ், ஞாயிறு அஸருக்குப் பிறகு பெண் மருத்துவர் ஒருவரோடு ரயிலடிக்குப் போகிறோம். சகோதரிகள் நான்கு பேராவது கூட வாருங்கள். ஆண்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம். நாப்கின் வாங்கப் பணம் தந்தால் போதும்.