பிறப்பு அறிக்கையில் இரண்டு கட்டங்கள்



குழந்தை பிறந்தவுடன் ஜாதகம் கணிப்பதற்காக நிமிஷம் பிசகாமல் நேரம் குறித்து வாங்கிக்கொள்கிறோம். அந்த அக்கறையில் பாதியை ஆஸ்பத்திரியில் நிரப்பப்படும் பிறப்பு அறிக்கையில் நாம் காட்டுவதில்லை.

மருத்துவமனையில் நிகழும் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிப்பது, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் பொறுப்பு மருத்துவரின் கடமை. அறிக்கையில் இரு பகுதிகள் உண்டு. பெயர், தேதி, பெற்றோர் விவரம் அடங்கியது சட்டப் பகுதி. சான்றிதழ் இதிலிருந்தே தயாராகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் அச்சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். எனவே அதில் பிழை நேர்ந்தால் என்றேனும் வெளிப்பட்டே தீரும். மற்றது புள்ளிவிவரப் பகுதி. அது சான்றிதழில் வாராது. ஆகவே அங்கு நேரும் பிழை எவர் கண்ணிலும் படுவதில்லை.

அப்பகுதியில் தாய் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். "எந்த ஊர்?" என்று கேட்டால், உடன் வந்த பாட்டியார் தம் ஊரையே சொல்லுவார். அவர்மீது குற்றமில்லை, கேள்விதான் அரைகுறை. குழந்தையோ சில மாதங்களில் தகப்பனார் ஊருக்குப் போய்விடும். அங்கன்வாடியில் அதற்கு இடம் வேண்டியது அவ்வூரில். கணக்கில் ஏறியது இவ்வூரில்!

மற்றொரு கட்டம் எடை. 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்பது மருத்துவக் கணக்கு. தராசு 2,430 காட்ட, ஏட்டில் இரண்டரைக் கிலோ என்று எழுதிவிடுவதாக வைத்துக்கொள்வோம். நெல் மூட்டையில் எழுபது கிராமை நாமும் பொருட்படுத்தமாட்டோம். ஆனால் இங்கே அந்த எழுபது கிராமோடு ஒரு குழந்தையே குறையெடைக் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. இப்படிப் பல மறைந்தால், நம் கர்ப்பிணிகளுக்கு ஊட்டம் போதவில்லை என்ற செய்தி நமக்கு எட்டுவதெப்படி?

ஆகையால் பேறுகாலத்துக்கு முன்பே பெற்றோர் பெயர், தாயின் வயது, குடியிருக்கும் ஊர் ஆகியவற்றைத் தாளில் எழுதி மருத்துவச் சீட்டுகளோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். எடையைத் தராசு காட்டியபடியே எழுதக் கேளுங்கள். வீடு திரும்புமுன் அறிக்கை முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நலம். பின்னர்த் திருத்த வழியுண்டு. ஆயினும் அலைச்சல் அதிகம்.

பெயர் சூட்டவில்லையே என்று எவரும் தாமதிக்க வேண்டாம். பெயரின்றியே பதிவு செய்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.